நாலாயிரம் காயினும் இருபது கட்டுக் கயிறும்

தாயி,

தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்க நீயும் உன் அம்மாவும் ராமநாதபுரம் பஸ் ஏறி அரை மணி நேரம்தான் ஆகிறது. அக்காள்மடத்தில் உங்களை ஏற்றிவிட்டு வந்து நோட்டை எடுத்து வைத்தேன். உடனே எழுந்து போய் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து கடற்கரை வரை போனேன். படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டுச் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிச்சல் வந்தது. இப்போதுதான் பேனாவைத் திறக்கிறேன். நேரில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை உன் அம்மா வந்துவிட்டாள். இரண்டாம் தடவை மாப்பிள்ளையின் போன் வந்துவிட்டது. மூன்றாம் தடவை யாரும் வரவில்லை, எனக்குத் தைரியமும் வரவில்லை. ஃபேன் சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும் என்று எதையோ உளறிவிட்டு ஸ்டூலில் ஏறிவிட்டேன். நீயும் நம்பிவிட்டாய். அந்த ஃபேன் நல்ல ஃபேன்தான்.

போன ஞாயிறு கோயிலில் பூசை முடிவில் உன் கல்யாண ஓலையை இரண்டாம் தடவை வாசித்தார்கள். உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லிவிட்டு, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும்" என்று சாமியார் வழக்கம்போல முடித்தார். எத்தனை பேருடைய ஓலையைக் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் அந்த வரி காதில் விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்தது. நமக்குத் தடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது மீன்பிடித் தடைக்காலம். பங்கு என்றால் கோயில் பங்கும் உண்டு, கடலில் கிடைத்ததைப் படகில் போனவர்கள் பிரித்துக்கொள்ளும் பங்கும் உண்டு. ஒரு தடைக்காலத்தில் உன் பங்கில் கை வைத்தவன் நான். கோயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே வியர்த்துக் கொட்டியது. உன் அம்மா முந்தானையால் விசிறினாள்.

ரீத்தாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் மடக்கி வைத்துவிடாதே, தாயி. பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களை உன் அம்மா எழுதியபோது அவள் பெயரையும் எழுதினாள். நீ பேனாவை வாங்கி அடித்தாய். "அவ வந்தா நா பீடத்துல நிக்க மாட்டேன்" என்றாய். தோழியாக யார் நிற்பது என்று கேட்டதற்கு, "சித்தி மக யாராச்சும் நிக்கட்டும், போட்டோவுல ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான" என்றாய். பதினாலு வயதில் நீங்கள் இரண்டு பேரும் போட்ட ஒப்பந்தம் எனக்குத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு நீ தோழி, உன் கல்யாணத்துக்கு அவள். அந்த இடம் ஆறு வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. அதைக் காலி செய்தவன் நான்.

அந்தப் பெட்டி வந்த கதையை நீ மறந்திருக்க மாட்டாய். கீழக்கரையில் துபாயிலிருந்து வந்த ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, டிவியில் மாட்டி விளையாடும் அந்தக் கேம் பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். அதோடு ஒரே ஒரு கேம்தான் வந்தது. கழுத்தில் பச்சைத் துண்டு கட்டிய ஒரு பெண் தீவு தீவாகப் போகிறாள். கடலுக்குள் குதித்துச் சங்கு எடுத்து வருவாள், துறைமுகத்துக் கடையில் விற்பாள், காயின் கிடைக்கும். கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பாள், அதற்கும் காயின். கடைசித் தீவுக்குப் போகப் பெரிய கப்பல் வேண்டும், அதன் விலை ஐயாயிரம் காயின். அதுவரைக்கும் ஒரு சின்ன வள்ளம்தான் அவளுக்கு. நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பிடித்தது அந்தக் கடைக்காரன். சங்கு எத்தனை கொண்டுபோனாலும் நேற்று என்ன விலையோ இன்றைக்கும் அதே விலை. எடையில் கை வைக்க மாட்டான், நேரமாகிவிட்டது, சரக்கு கெட்டுப்போச்சு என்று முகம் சுளிக்க மாட்டான். "இப்படி ஒரு யாவாரி நம்ம கரையில இருந்தா நா மாடி வீடு கட்டிருப்பேன்" என்று சொல்வேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

நீங்கள் காயினைப் பிரித்த விதம்தான் எனக்குப் பெருமை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உனக்கு ஒரு பங்கு, ரீத்தாவுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு. உங்கள் பங்குகளில்கூட எதையும் வாங்க மாட்டீர்கள், எல்லாம் கப்பலுக்குத்தான். கடையில் சிவப்புச் செருப்பு ஒன்று நாற்பது காயினுக்கு இருந்தது. ரீத்தா ஒவ்வொரு நாளும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் போவாள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி பெட்டியைத் தொடக் கூடாது என்பது உங்கள் சட்டம். தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்ததால் ஒரு மாதத்தில் நாலாயிரத்து இருநூறு சேர்த்துவிட்டீர்கள். அந்த மாதம் நம் வீட்டில் சம்பாதித்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான்.

எனக்கு அந்த வள்ளத்தைப் பார்த்தால் இருப்புக் கொள்ளாது. அதில் ஒன்றுமே கிடையாது. கயிறு இல்லை, தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை. ஒரு பெண்பிள்ளை கையில் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு நடுக்கடலுக்குப் போகிறாள். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் நாங்கள் இரண்டு நாள் கடலில் மிதந்தது உனக்குத் தெரியும். இஞ்சின் நின்றுவிட்டது, கயிறு நீளம் போதாமல் நங்கூரம் தரை தட்டவில்லை, நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போனோம். குடிக்க ஒரே ஒரு கேன் தண்ணீர். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. புதுக் கயிறு வாங்கச் சொல்லிக் கொடுத்த பணத்தில் பாதிக்குக் கயிறு வாங்கிவிட்டு, மீதிக்கு எனக்கு ஒரு வாட்ச் வாங்கியவன் நான்தான். நாலு பேர் நாக்கு வறண்டு கிடந்தபோது என் கையில் அந்த வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்ததும் அதைக் கழற்றிக் கடலில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் நான் அப்போதே தேறிவிட்டேன்.

தடை தொடங்கி முப்பது நாள் தாண்டியிருக்கும். நீங்கள் இரண்டு பேரும் கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தீர்கள். உன் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். டீ குடிக்க அவளிடம்தான் காசு வாங்க வேண்டும். அன்றைக்கு, "ஒரு நாளைக்கு எத்தன டீ?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதில் தப்பில்லை, எனக்குத்தான் சுருக்கென்றது. வீட்டுக்குள் நடந்தேன், வாசலுக்கு வந்தேன், மறுபடி உள்ளே போனேன். பெட்டியைப் போட்டேன். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தது. பச்சைத் துண்டுக்காரியைக் கடைக்கு நடத்திக்கொண்டு போனேன். எழுத்து இங்கிலீஷ்தான், ஆனால் படம் போட்டிருக்கிறதே. ஒரு கட்டுக் கயிறு வாங்கினேன். கடைக்காரன் தலை குனிந்து கும்பிட்டான். இன்னொரு கட்டு வாங்கினேன், மறுபடி கும்பிட்டான். தண்ணீர்ப் பீப்பாய், அரிக்கேன் விளக்கு, நங்கூரம் ஒன்றுக்கு இரண்டு. அந்தப் பிள்ளைக்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒரு மாதம் கையில் காசில்லாமல் கிடந்தவனுக்கு, கேட்டதை எல்லாம் எடுத்துக் கொடுத்துக் கும்பிடு போடும் கடை ஒன்று கிடைத்தால் கை நிற்குமா? நிற்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கடையிலும் இருந்ததில்லை.

முடிந்ததும் அவளைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சுவிட்சை அணைத்தேன். அணைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் "சேவ் பண்ணலயே, போச்சே" என்று நீங்கள் கூப்பாடு போட்டதைக் கேட்டிருக்கிறேன். நாம்தான் சேவ் எதுவும் பண்ணவில்லையே, கரண்ட் போன மாதிரி இதுவும் போய்விடும் என்பது என் கணக்கு. கடையை விட்டு வெளியே வந்தால் அது தானாகவே சேவ் ஆகிக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வகுப்பு முடிந்து ரீத்தாதான் உனக்கு முன்னால் வந்து டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நீ வந்ததும் பெட்டியைப் போட்டீர்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து வலைத் துண்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏ, நாலாயிரத்து இருநூறு இருந்துச்சுல்ல? அறுபதுதான்டி இருக்கு!"

"நா தொடலடி. அந்தோணியார் சத்தியமா நா தொடல."

"அப்ப வேற யாரு? நம்ம ரெண்டு பேரத் தவிர இந்த வீட்டுல யாருக்கு இது தெரியும்?"

யாருக்குத் தெரியும் என்று நீ கேட்டபோது நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். கை வலையில் மாட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயது மனுஷன், பிள்ளைகளின் கேமில் புகுந்து கயிறு வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது? தெருவே சிரிக்குமே. விளையாட்டுக் காசுதானே, இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாய். ரீத்தா கேம் பெட்டியின் ரிமோட்டை எடுத்து எதையோ அமுக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நீ சுவரைப் பார்த்தபடியே அந்த வார்த்தையைச் சொன்னாய்.

"ஒங்க அய்யா டீசல எடுத்தாருல்ல, அந்தப் புத்திதான ஒனக்கும் வரும்!"

ரீத்தா ரிமோட்டைக் கீழே வைத்தாள். சத்தமே வராமல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீயும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

டீசல் கதையையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ரீத்தாவின் அப்பா சூசை டீசலைத் திருடி விற்றார் என்று படகின் சொந்தக்காரர் அவரை இறக்கிவிட்டார். அதே படகில் நானும் இருந்தேன். சூசை எடுக்கவில்லை. குழாயில் கசிவு இருந்தது, எல்லாம் படகின் அடியில் ஒழுகிக் கடல் நீரோடு போனது. அதை என் கண்ணால் பார்த்தேன். சொன்னால் குழாயைக் கவனிக்காதவன் யார் என்று கேள்வி வரும், என் வேலையும் போகும். வாயை மூடிக்கொண்டேன். சூசை கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போனார். ஆக, நீ அன்றைக்கு ரீத்தா மேல் எறிந்த கல்லை உன் கையில் கொடுத்ததும் நான்தான். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, தாயி. பதினாலு வயதுப் பிள்ளை ஊரில் கேட்டதைச் சொன்னாய். உண்மை தெரிந்தவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அப்போது வேறு சாமியார், இளவயதுக்காரர். "சாமி, பிள்ளைங்க சேத்து வச்ச காச எடுத்துச் செலவு பண்ணிட்டேன்" என்றேன். எவ்வளவு என்றார். நாலாயிரத்துச் சொச்சம் என்றேன். "திருப்பிக் கொடுத்தீங்களா?" "கொடுக்க முடியாது சாமி, அது டிவிக்குள்ள இருக்கு." திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். அவர் மேல் தப்பில்லை, பாதியைத்தானே சொன்னேன். ரீத்தா பெயரை அவரிடமும் சொல்லவில்லை.

நீ வருகிற புதன்கிழமை கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போகிறாய். எல்லா அய்யாமாரும் சொல்வதுபோல அனுசரித்துப் போ, சிக்கனமாக இரு என்று சொல்ல நினைத்தேன். சிக்கனம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குப் போன நாளிலிருந்து உனக்கென்று ஒரு நல்ல செருப்பு நீ வாங்கி நான் பார்த்ததில்லை. எப்போதும் ஏதோ ஒரு கப்பலுக்குச் சேர்க்கிறாய். சேர்த்துக்கொள், ஆனால் போகிற வழியில் சிவப்புச் செருப்பையும் வாங்கிக்கொள். மாப்பிள்ளை ஏதாவது தப்புப் பண்ணிவிட்டு வந்து சொன்னால் அவரைச் சொல்ல விடு, நடுவில் கத்தாதே. நீ தப்புப் பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் மறுநாள் இரண்டு தப்பாகிவிடுகிறது, ஒன்று செய்தது, ஒன்று மறைத்தது. ஆறு வருஷத்தில் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு உன் அய்யாவைப் பார்த்தால் போதும்.

போன செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்தில் பத்திரிகை கொடுக்கப் போனேன் அல்லவா? ரீத்தா வேலை பார்க்கும் ஜவுளிக்கடை வாசலில் நாலு தடவை அங்கேயும் இங்கேயும் நடந்தேன். கடைக் காவலாளி சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே வெளியே வந்தாள்.

"மாமா! என்ன இங்கன நிக்கிறீக? அத்த வரலயா?"

பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளே டீ சொன்னாள். "ஒண்ணு சொல்லணும்த்தா. அந்தக் கேம் காயினு... நாந்தான் செலவு பண்ணேன்" என்றேன். அவள் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "தெரியும் மாமா" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கே கேமுல அந்தப் பச்சத் துண்டுக்காரி பையத் தெறந்து பாத்தேன்ல. இருபது கட்டுக் கயிறு, ரெண்டு நங்கூரம், பீப்பா பீப்பாயாத் தண்ணி. பதினாலு வயசுப் பிள்ளைக இதயா மாமா வாங்கும்? நானா எடுத்திருந்தா செருப்புல்ல வாங்கிருப்பேன்!" என்று சிரித்தாள்.

"அப்பவே சொல்லிருக்கலாம்லத்தா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "சொல்லத்தான் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள அவ எங்க அய்யாவச் சொல்லிட்டா. பெறகு, 'எடுத்தது ஒங்க அய்யாதான்டி'ன்னு நா எப்படி மாமா சொல்றது? அந்தப் பேச்சு ஒரு வீட்டுக்குள்ள வந்தா பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

டீக்கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். பதினாலு வயதுப் பெண் என் மானத்தைக் காப்பாற்ற உன்னை விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் என் மானத்தைக் காப்பாற்ற அவளை விட்டுக்கொடுத்திருக்கிறேன். டீசல் விஷயத்தையும் சொன்னேன். அவள் டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, "அய்யாகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க மாமா" என்று நம்பரை எழுதித் தந்தாள். அன்றைக்கே பேசினேன். சூசை என்னைத் திட்டினார். திட்டத் திட்ட எனக்கு மூச்சு வந்தது. பத்திரிகையை எடுத்து ரீத்தாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நீங்க குடுத்தா வேணாம் மாமா. அவ எம் பேரெழுதிக் குடுக்கட்டும், வாரேன். கடையில லீவு சொல்லணும், வெரசா குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிறேன். நீங்கள் இன்னும் வரவில்லை. இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம், புதன்கிழமை என் கையைப் பிடிக்காமல் பீடத்துக்குத் தனியாகவே நடக்கலாம். ஆனாலும் அவளைத் திருடி என்று நினைத்துக்கொண்டே நீ இந்த வீட்டை விட்டுப் போவதை என்னால் தாங்க முடியாது. திட்ட வேண்டியதை எல்லாம் திட்டு, நான் எங்கேயும் போக மாட்டேன், தடைக்காலம்தானே.

டிவி மேல் ஒரு பத்திரிகை வைத்திருக்கிறேன், அதில் பெயர் எழுதவில்லை. பக்கத்தில் அந்தக் கேமின் மெமரி கார்டும் இருக்கிறது, பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். பச்சைத் துண்டுக்காரி இன்னும் அந்தத் துறைமுகத்திலேயே நிற்பாள், கையில் அறுபது காயின் இருக்கும். செருப்பு நாற்பதுதான். நாளை மறுநாள் மூன்றாம் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பார் சாமியார். நான் அறிந்த தடையைத் தெரிவித்துவிட்டேன். பெயரை நீ எழுது.

உன் அய்யா